மலைக்கு மிதிவண்டியில் போவோம்



விடுமுறை நெருங்கிவிட்டது. விடுதி முற்றத்தில் நாலு பேர் கூடினால் இப்பொழுதெல்லாம் லடாக்கைப் பற்றித்தான் பேச்சு. மணாலியிலிருந்து லே நகரம் வரை பனிமலைகளுக்கிடையே மிதிவண்டியில் அழைத்துச் செல்லும் நிறுவனங்கள் பல உண்டு. அவர்கள் காட்டும் படங்களைக் கைப்பேசியிலே பார்த்துப் பார்த்து நம் தோழர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். கட்டணத்தைக் கண்டதும் அப்பெருமூச்சு இன்னும் நீளுகிறது. “இதெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

அப்படி எழுந்து போவது முறையன்று என்பது என் கருத்து. உயர்ந்த மலைகளிலே மிதிவண்டியில் சுற்றி வருவது, மாணவனுக்கு வாய்க்கக்கூடிய விடுமுறைகளுள் சிறந்த ஒன்று. ஆனால் அதைக் கடையிலே விலை கொடுத்துத்தான் வாங்கவேண்டும் என்று யார் சொன்னது? மலை லடாக்கில் மட்டுமா இருக்கிறது? திருவனந்தபுரத்தில் படிக்கும் நாம் காலையில் கிழக்கே பார்த்தால் கண்ணில் படுவது என்ன?

நான் பாறசாலைக்குக் கிழக்கே, எல்லையோரத்துச் சிற்றூர் ஒன்றிலே பிறந்தவன். எங்கள் ஊரிலே ஒரு வீட்டின் முற்றம் கேரளத்தில் இருக்கும். அடுத்த வீட்டின் முற்றம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடு வட்டம் அந்தப் பக்கம் போயிற்று. நெய்யாற்றின்கரை வட்டம் இந்தப் பக்கம் நின்றது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று என்பது நம்மில் பலருக்கு மறந்தே போயிற்று. போகட்டும், அந்த வழக்கை மறுபடி எடுக்க நான் வரவில்லை. கோட்டை எங்கே போட்டாலும் மலை இரு பக்கத்தாருக்கும் ஒன்றாகத்தான் தெரிகிறது. வானம் தெளிந்த நாளில் எங்கள் வயல் வரப்பில் நின்று பார்த்தால் வடகிழக்கே நீலமாக எழுந்து நிற்கும் மலைத்தொடர், அகத்தியர்கூடம் தலைநிமிர்ந்து நிற்கும் தொடர். அம்முடியின் உயரம் 1,868 மீட்டர். தமிழுக்கு இலக்கணம் சொன்னதாக நாம் கொண்டாடும் முனிவர், எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்திலேயே இடம் பிடித்துக்கொண்டார்! நெய்யாறு பிறப்பது அம்மலையில். அது கடலில் விழுவது பூவாற்றில். இரண்டுக்கும் நடுவிலே கிடப்பதுதான் எங்கள் நாடு.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. கேரள அரசு மலையோர நெடுஞ்சாலை என்று ஒன்றை அமைத்து வருகிறது. மாநில நெடுஞ்சாலை 59 என்பது அதன் எண். வடக்கே காசர்கோடு மாவட்டத்து நந்தாரப்பதவிலிருந்து மலையடிவாரங்களையும் மலைச்சரிவுகளையும் தொட்டுக்கொண்டு வரும் இச்சாலையின் நீளம் 1,200 கிலோமீட்டருக்கும் மேல். பகுதி பகுதியாகத் திறக்கிறார்கள். இதன் தென்முனை எது தெரியுமா? பாறசாலை! உலகத்து மிதிவண்டிக்காரர்கள் வரைபடத்தை விரித்துத் தேடுகிற ஒரு மலைச்சாலை, நம் தோழர்கள் பலர் வெள்ளிக்கிழமை தோறும் ஊருக்குப் போக ரயில் இறங்குகிற இடத்திலே தொடங்குகிறது. அங்கே இறங்கி, பேருந்து பிடித்து, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டு லடாக்கைக் கனவு காண்கிறோம்.

இதை என் தந்தையாரிடம் ஒருநாள் சொன்னேன். அவர் இளமையிலே கேரியரில் மரச்சீனிக் கிழங்கும் பின்னாளில் ரப்பர் ஷீட்டும் கட்டிக்கொண்டு பனச்சமூடு சந்தைக்கு மிதித்தவர். எங்கள் பக்கத்துப் பேச்சில் மிதிப்பது என்று சொல்ல மாட்டார்கள், சவுட்டுவது என்பார்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மக்களே, லீவு கிட்டினா ஒறங்காம மலைக்குச் சைக்கிள் சவுட்டவா போவா? நாங்க வயித்துக்கு வேண்டிச் சவுட்டினோம். நீ என்னத்துக்கு வேண்டிச் சவுட்டுத?”

இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. என் தந்தையார் போன்றோருக்கு மிதிவண்டி என்பது உழைப்பின் அடையாளம். பூவாற்றுக் கரையிலும் பொழியூரிலும் விடியற்காலையில் மீன் எடுத்து, பெட்டியைக் கேரியரில் கட்டி, ஹார்ன் அடித்துக்கொண்டு வெள்ளறடை வரை மலையடிவாரத்து ஊர்களுக்கெல்லாம் மிதித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் வெயிலையும் ஏற்றத்தையும் சாபமாகத்தான் எண்ணினார்கள். கையில் காசு சேர்ந்தவுடன் அவர்கள் செய்த முதல் வேலை, மிதிவண்டியை விற்றுவிட்டு மோட்டார் வண்டி வாங்கியது. அவர்களுடைய பிள்ளைகள் படித்து, கல்லூரிக்கு வந்து, கஷ்டத்தை விடுமுறையாகக் கொண்டாடப் போகிறோம் என்றால் அவர்களுக்குச் சிரிப்பு வருவது நியாயமே. கஷ்டப்படாதவன்தான் கஷ்டத்தைத் தேடிப் போவான் என்பது அவர்களுடைய எண்ணம்.

பாதி உண்மை அதில் உண்டு. ஆனால் மீதிப் பாதியையும் பார்க்கவேண்டும். கூலிக்காக ஏறிய மலை வேறு. தானே விரும்பி ஏறும் மலை வேறு. கிழங்கு மூட்டையோடு சந்தைக்குப் போகிறவன் வழியில் நிற்க முடியாது. நின்றால் விலை போய்விடும். நமக்கு நிற்க முடியும். குடப்பனமூட்டுக்கு மேலே சாலை திரும்பும் ஓரிடத்திலே நின்று நான் முதல்முறை கீழே பார்த்தபோது, தந்தையார் ஆயிரம் முறை கடந்த ஊர்களெல்லாம் ஒரே பச்சைப் பாயாகக் கிடந்தன. மேற்கே ஒரு வெள்ளிக் கோடு. கடல்! மலையடிவாரத்திலே பிறந்த எனக்கு, எங்கள் ஊர் கடலுக்கு அவ்வளவு பக்கம் என்று பத்தொன்பது வயதிலேதான் தெரிந்தது. அந்தக் காட்சியைத் தந்தையார் பார்த்ததில்லை. அவருக்கு அதைக் கொடுக்காத வாழ்க்கையின்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவர் பார்க்கவில்லை என்பதற்காக நானும் பார்க்காமல் இருந்தால் அவருக்கு என்ன லாபம்?

பேருந்தில் போனால் மலை தெரியாதா என்று கேட்கலாம். தெரியும், ஆனால் ஏறுவது தெரியாது. மிதிவண்டியிலே போகிறவனுக்குச் சாலையின் ஒவ்வொரு நெளிவும் தொடையிலே பதிகிறது. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையின் வாசனை, அம்பூரிப் பக்கத்து முற்றங்களில் காயும் நல்லமிளகின் வாசனை, வளைவு திரும்பியதும் முகத்தில் அடிக்கும் ஓடைக் காற்றின் குளிர் எல்லாம் அவனுக்குத்தான். எங்கள் ஊரிலே மலையாளத்தார் கயற்றம் என்பார்கள். நாங்கள் ஏற்றம் என்போம். இறக்கம் மட்டும் இரண்டு மொழியிலும் ஒரே சொல்!

சரி, நம் கையிலிருக்கும் வண்டியில் மலை ஏறுமா? இதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். விஞ்ஞான மாணவர்கள் பொறுத்துக்கொள்வார்களாக. இலக்கிய மாணவர்கள் அருள்கூர்ந்து தாண்டிப் போகாதிருப்பார்களாக.

ஆளும் வண்டியும் பையுமாகச் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பொன்முடியின் உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர். அத்தனை எடையை அத்தனை உயரம் தூக்கச் செய்யவேண்டிய வேலை 860 கிலோஜூலுக்குச் சற்று மேல். நல்ல உடல்நலமுள்ள மாணவன் ஒருவன் 100 வாட் அளவில் மணிக்கணக்காக மிதிக்க முடியும். அவ்வளவு நிதானமாக மிதித்தால், தூக்குகிற வேலைக்கு மட்டும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகிறது. உலகத்தையே தூக்கும் வேலை அன்று அது. காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் இடையே முடிகிற வேலை. அப்படியானால் தந்தையார் காலத்து வண்டியில் ஏன் மூச்சு முட்டுகிறது? அவ்வண்டிக்கு ஒரே பல்சக்கரம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் ஓடியாகவேண்டும். மெதுவாக ஏறலாம் என்றால் வண்டி விடாது. பெடலே சுற்றாமல் நின்றுபோகும். ஆகவே ஏற்றத்தில் 200 வாட் அளவுக்குப் பலம் கொடுக்கவேண்டும், இல்லையேல் இறங்கித் தள்ளவேண்டும். மலைக்கென்று செய்த வண்டியிலே மிகச் சிறிய பல்லுக்கு மாற்றிவிட்டால், ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர்கூட ஓடவேண்டியதில்லை. பல்சக்கரம் நமக்குப் பலத்தைக் கொடுப்பதில்லை, பொழுதைக் கொடுக்கிறது. அவ்வளவுதான் அதன் இரகசியம்.

பல்சக்கரத்தைக் கேவலமாக எண்ணிய காலமும் ஒன்று இருந்தது. பிரான்சு நாட்டில் 1903-ல் தொடங்கிய பெரும் மிதிவண்டிப் பந்தயத்தை நடத்திய ஆன்றி தெகிராஞ்சு என்பவர், பல் மாற்றும் கருவியெல்லாம் வயதானவர்களுக்குத்தான் ஏற்றது என்று எண்ணியவர். 1910-ல் அப்பந்தயம் பிரனீசு மலையின் 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயின் மேல் ஏறியபோது, வீரர்கள் பலர் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். பல் மாற்றவேண்டுமானால் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டவேண்டும். இன்றைய கருவியை அப்பந்தயத்தில் அனுமதித்தது 1937-லேதான். ஆனால் அதே நாட்டிலே, சேந்தெத்தியேன் என்னும் தொழில் நகரத்திலே போல் த விவி என்று ஒருவர் இருந்தார். பந்தயத்துக்கு மிதிக்காமல், மலைகளைப் பார்ப்பதற்காக மிதித்தவர் அவர். 1887-லேயே மிதிவண்டிக்கென்று பத்திரிகை தொடங்கி, சிறு பல்லின் பெருமையை வாழ்நாள் முழுதும் எழுதினார், 1930-ல் மறைந்தார். பந்தயக்காரர் சிரித்தார்கள். இன்று உலகத்து மலைகளிலே விடுமுறைக்கு மிதிக்கும் அத்தனை பேரும் அவர் சொன்ன வழியிலேதான் போகிறார்கள்.

மலைமிதிவண்டி பிறந்த கதையும் கேட்கவேண்டிய ஒன்று. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே தமல்பையஸ் என்னும் மலையடிவாரத்து இளைஞர்கள், பழைய தடித்த டயர் வண்டிகளைப் பழுது பார்த்து, மண்பாதையிலே கீழ்நோக்கி ஓட்டி விளையாடினார்கள். இறக்கத்தின் வேகத்திலே பிரேக்கின் உள்ளிருந்த கிரீஸ் உருகி ஆவியாகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிதாகக் கிரீஸ் அடைக்கவேண்டும். 1976 முதல் அவர்கள் நடத்திய பந்தயத்துக்கு அதுவே பெயராயிற்று. அந்த விளையாட்டுத்தான் 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. ஆக, மலைமிதிவண்டி காயலான் கடையிலே பிறந்தது! பணக்காரரின் கூடத்திலே பிறந்ததென்று நினைத்து நாம் ஒதுங்குவது வேடிக்கை அன்றோ? நெய்யாற்றின்கரையிலோ களியக்காவிளையிலோ பழைய சைக்கிள் கடைக்காரர் ஒருவரிடம் போய், பின்சக்கரத்துக்குப் பல் கூடிய பிரீவீல் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். மாட்டிக் கொடுப்பார். லடாக்குக்கு அது போதாது. எங்கள் மலையடிவாரத்துக்குப் போதும்.

சாலையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நம் மலைகளின் பழைய சாலைகள் விடுமுறைக்காரருக்காகப் போட்டவை அல்ல; தேயிலையும் மரமும் கீழே இறக்கப் போட்டவை. பொன்முடி, போனக்காடு பக்கத்துத் தோட்டங்களுக்கு மலையேறிய தொழிலாளிகளில் தமிழர் பலர். மாட்டுவண்டி ஏறவேண்டும் என்பதற்காக அக்காலத்துச் சாலைகளை அதிகம் செங்குத்தாக விடாமல் வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள். மாடு ஏறுகிற சாலையில் மனிதன் மிதித்து ஏறலாம். பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகள் மிதிவண்டிக்காரனுக்கு எதிரிகள் அல்ல, நண்பர்கள். இந்தக் காலத்திலே சில மலையோர ஊர்களில் ஜீப்புக்கும் காருக்குமாக நேரே சரிவில் ஊற்றிவிட்டிருக்கிற கான்கிரீட் பாதைகள் இருக்கின்றனவே, அவற்றிலேதான் உயிர் போகிறது.

அந்தப் பொன்முடியிலேதான் 2023 அக்டோபரில் ஆசிய மலைமிதிவண்டிப் போட்டி நடந்தது. சீனமும் சப்பானும் பிறவும் தம் வீரர்களை அனுப்பின. நம் வளாகத்திலிருந்து எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? என்னோடு வந்தவர் இருவர்.

இவ்வளவும் இருக்கையில் எங்கள் எல்லையோரத்து இளைஞர்கள் ஏன் மலைக்கு மிதிப்பதில்லை? சோம்பல் ஒரு காரணம். வெட்கம் இன்னொரு காரணம். மிதிவண்டியில் போனால் இல்லாத வீட்டுப் பிள்ளை என்று எண்ணிவிடுவார்களாம். ஆனால் இவற்றை எல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதைப் பற்றி நம் சங்கம் வாய் திறக்கவேண்டும். அது அச்சம்.

மலையிலிருந்து பாறையும் மணலும் ஏற்றிவரும் டாரஸ் லாரிகளை எங்கள் பக்கத்தார் யாரும் மறக்க முடியாது. விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துப் பாறையும் போயிற்று. துறைமுகம் 2025 மே மாதத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நாட்டுக்குத் துறைமுகம் வேண்டும், வீட்டுக்குக் கல்லும் வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த லாரி வருகிற நேரத்தில் மிதிவண்டியில் போகும் பள்ளிப் பிள்ளை எங்கே ஒதுங்குவது? ஒரு பக்கம் மூடியில்லாத ஓடை. மறு பக்கம் நிறுத்திவைத்த கார்கள். பள்ளி நேரத்தில் டிப்பர் லாரிகள் ஓடக்கூடாது என்று இங்கே விதி உண்டு. விதிக்கும் சாலைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை எங்கள் ஊர்த் தாய்மாரைக் கேட்டால் சொல்வார்கள். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப்பள்ளி மாணவர்க்கு விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறது. வண்டி கொடுத்தாயிற்று; அது ஓடுவதற்கு மூன்றடி ஓரம் கொடுத்தார்களா?

மலையோர நெடுஞ்சாலையிலே அந்த மூன்றடி வேண்டும் என்று கேட்கிறேன். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே கடையும் காரும் ஏறாத ஒரு பட்டை. அகலமான சாலைகளைப் போடுகிறோம் என்கிறார்கள், போடட்டும். அகலத்தை எல்லாம் வேகத்துக்கே கொடுத்துவிட்டால் அச்சாலையிலே மிதிப்பவனுக்கும் நடப்பவனுக்கும் என்ன கிடைக்கிறது? விடுமுறைக்காக மிதிக்கும் நான்கு மாணவர்களுக்காக மட்டும் இதை நான் கேட்கவில்லை. அதே ஓரத்திலேதான் மீன் விற்கும் அண்ணாச்சியும், ரப்பர் பால் வெட்டிவிட்டுத் திரும்பும் அக்காவும், பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் போகவேண்டியிருக்கிறது. விடுமுறைக்காரனும் உழைப்பாளியும் ஒரே ஓரத்துக்காக வழக்காடலாம். இங்கே இருவருக்கும் நலன் ஒன்று.

மாணவியரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கட்டுரை முழுமையடையாது. 1991-லும் அதை அடுத்தும் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரமாயிரம் கிராமத்துப் பெண்கள் மிதிவண்டி கற்றார்கள். கல்வெட்டுக் குவாரியிலே உழைத்த பெண்களும் அதில் உண்டு. சேலைகட்டிக்கொண்டு, பின்னால் பிள்ளையும் தண்ணீர்க்குடமும் வைத்துக்கொண்டு மிதித்தார்கள். அகத்தியர்கூடத்தின் மேல் ஏறப் பெண்களுக்கும் வழி திறந்தது 2019 ஜனவரியிலே. அதற்கு முன் உயர்நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. இத்தனைக்குப் பிறகும் நம் சங்கத்துச் சுற்றுலா என்றால், மாணவியர் வேனிலே, மாணவர் வண்டியிலே என்று பிரிப்பது எந்த நியாயம்? என் தங்கை எங்கள் பக்கத்து ஏற்றத்தை என்னைவிட நிதானமாக ஏறுகிறாள். நான் முதல் வளைவிலே வேகம் காட்டி மூன்றாவது வளைவிலே நாக்குத் தள்ளுகிறேன். அவள் என்னைத் தாண்டிப் போகையில் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

காட்டைப் பற்றி ஒரு கண்டிப்பு. மலைமிதிவண்டி என்றதும் சிலருக்குக் காட்டுக்குள் புகுந்துவிடத் தோன்றுகிறது. நெய்யாறு வனவிலங்குச் சரணாலயம் 1958 முதல் காப்பிலுள்ள காடு. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை யுனெஸ்கோ 2016-ல் தன் பட்டியலில் சேர்த்தது. யானை நடக்கும் தடம் நம் விளையாட்டுத் திடல் அன்று. மண்பாதைதான் வேண்டுமென்றால், உடையவரிடம் கேட்டுக்கொண்டு ரப்பர் தோட்டத்துப் பாதைகளிலே ஓட்டலாம். சருகு மூடிய இறக்கத்தில் ஓட்டினால் வீரம் தானாகவே அடங்கும். மலை காணிக்காரருடைய வீடு என்பதையும் நினைக்கவேண்டும். 1987-ல் தாவரவியல் அறிஞர்கள் அகத்தியர்கூடப் பக்கம் ஏறியபோது தாம் களைத்துப்போக, வழிகாட்டிய காணிக்காரர் மட்டும் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு களைக்காமல் நடந்தார்களாம். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தைச் செய்து, வருவாயில் ஒரு பங்கைக் காணிக்காரர்க்குக் கொடுத்தது. மலையேற்றத்தில் களைப்பு நீங்க இன்று விற்கும் வண்ணப் பொடிகளைக் கரைத்துக் குடிக்கிற தோழர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மழையையும் மறக்கக்கூடாது. 2001 நவம்பரில் அம்பூரியில் மலை சரிந்து நாற்பதுக்கு நெருங்கிய உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலே மலைச்சாலைக்குப் போவது துணிவு ஆகாது. நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்காது. கம்பி பிரேக் வண்டியோ இறக்கத்தில் கேட்கவே கேட்காது.

பொன்முடி ஏறியவனுக்கு அடுத்த படி இருக்கிறது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு 36. அது பொல்லாத ஏற்றம். 2008 முதல் நடந்துவரும் நீலகிரி மிதிவண்டிச் சுற்றில் வருகிற தேர்ந்தவர்களையே அக்கல்லட்டி நடுங்க வைத்திருக்கிறது. அதற்கும் பிறகு இமயம் போகலாம். ரோதங், பாராலாச்சா, லாச்சுலுங், தங்லங் என்று கணவாய் கணவாயாக ஏறும் அச்சாலையிலே தங்லங்கின் உயரம் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழப் பாதி. கால் எவ்வளவு வலுவாக இருந்தாலும் நுரையீரலுக்குப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் பணத்துக்குக் கிடைக்காது, நாள்களுக்குத்தான் கிடைக்கும். விமானத்தில் போய் 3,500 மீட்டர் உயரமுள்ள லேயில் இறங்கி, மறுநாளே கர்துங் கணவாய்க்கு மிதிப்பவர்களைத் தலைவலியும் வாந்தியும் பிடிப்பது இதனால்தான். இளமை அதைத் தடுப்பதில்லை. போகிற தோழர்கள் போகட்டும்; வாழ்த்துகிறேன். இறங்கிய இடத்தில் இரண்டு மூன்று நாள் சும்மா இருந்து, தேநீர் குடித்து, மெல்ல நடந்துவிட்டுப் பிறகு மிதியுங்கள்.

இனி, சங்கச் செயலாளரிடம் என் விண்ணப்பம். வருகிற கிறிஸ்துமஸ் விடுமுறையில் மூன்று நாள் பயணம் ஒன்றைச் சங்கத்தின் சார்பில் வைக்கலாம். முதல் நாள் பாறசாலை ரயில் நிலையத்திலிருந்து காரக்கோணம், பனச்சமூடு வழியாக வெள்ளறடைக்குப் போய், அங்கிருந்து அம்பூரியைப் பார்த்துவிட்டு, நெய்யாறு அணைப் பக்கம் தங்குவது. இரண்டாம் நாள் ஆரியநாடு வழியே விதுரை. மூன்றாம் நாள் விடியலில் கல்லாறு கடந்து பொன்முடி. வனத்துறைச் சோதனைச் சாவடியில் முன்கூட்டியே கேட்டுவைக்கவேண்டும். எங்கள் ஊரில் எட்டுப் பேருக்குப் படுக்க இடமும், இரவுக்கு மரச்சீனியும் மீன்கறியும் தர வீட்டார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், தந்தையார் உட்பட. “பிரேக் கட்டைய மாத்திட்டுக் கூட்டிட்டு வா, இல்லேன்னா ஒருத்தனயும் விடமாட்டேன்” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஆகையால் பெயர் கொடுக்கும் தோழர்களும் தோழியரும் தம் வண்டியின் பிரேக் கட்டை, செயின், இரண்டு டயர் ஆகியவற்றைப் பார்த்துவைத்து, ஒரு பம்பும் பஞ்சர் ஒட்டும் பசையும் கையோடு எடுத்து வரவேண்டும். வண்டி இல்லாதவர்கள் முன்கூட்டியே என்னிடம் சொன்னால், நெய்யாற்றின்கரையில் பழைய வண்டிகளைப் பழுது பார்த்து வாடகைக்குத் தரும் ஒருவரிடம் பேசி வைக்கிறேன்.